நின்றதாகக் காட்டிய மோட்டார்

என் உயிரான தாமு அண்ணனுக்கு,

உன் மேல்தான் தப்பு என்று பண்ணைக்காரர்கள் எழுதிவிட்டார்கள் அண்ணா. மெயின் சுவிட்சை இறக்காமல் குட்டையில் இறங்கினாயாம். மெயினை இறக்கினால் எல்லா மோட்டாரும் நின்று இறால் செத்துப்போகும், அதைத் தொடவே கூடாது என்று உங்களுக்குச் சொல்லிவைத்ததே அவர்கள்தானே?

மாமல்லபுரத்துக்குத் தெற்கே அந்த இறால் பண்ணையில் நீ எலக்ட்ரீஷியன். குட்டைகளுக்குக் காற்று கொடுக்கும் மோட்டார்களை செல்போனிலேயே ஓட்டவும் நிறுத்தவும், கூடுவாஞ்சேரி கம்பெனியில் உட்கார்ந்து நிரல் எழுதியவள் நான். "என் தங்கச்சி செஞ்சதுடா" என்று நம் ஊர் படாளம் முழுக்கப் பீத்திக்கொண்டாய்.

ஒருநாள் கரையில் வைத்து உனக்கு விளக்கினேன், ஞாபகம் இருக்கா? ஒரு மோட்டாரின் பதிலுக்காக சர்வர் காத்திருந்தால் மற்றதெல்லாம் சிக்கிக்கொள்ளும். அதனால் கட்டளை வந்ததும் 'வந்தது' என்று சொல்லிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடும். உன் போனில் மஞ்சள் தெரியும். மோட்டார் நிஜமாகவே நின்றபின் தனியாக ஒரு பதில் வரும். அப்போதுதான் பச்சை.

"மஞ்சள்னா கை வெக்காத. பச்சைன்னா வெய்யி. அவ்ளோதான பாப்பா?" என்றாய்.

அவ்வளவுதான் அண்ணா.

எங்கள் முதலாளிக்கு மஞ்சள் பிடிக்கவில்லை. "இவ்ளோ நேரம் மஞ்சளே காட்டிகினு இருந்தா வாங்கறவன் இன்னா நெனைப்பான்? கட்டளை வந்ததுமே பச்சை காட்டும்மா." தப்பு சார் என்று ஒருதரம் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லவில்லை. ஒரே ஒரு வரி, மாற்றிவிட்டேன். உன்னிடம் ஏன் சொல்லாமல் இருந்தேன்? வெட்கமா?

அன்று காலை பண்ணையில் சிக்னல் விட்டுவிட்டு வந்திருக்கிறது. பழுது பார்க்க ஒரு மோட்டாரை நிறுத்தச் சொன்னாய். உன் கட்டளை சர்வருக்கு வந்தது. அங்கிருந்து மோட்டாருக்குப் போய்ச் சேரவே இல்லை. உன் போனில் பச்சை. நம்பி இறங்கினாய். ஓடிக்கொண்டிருந்த மோட்டாரில் கை வைத்தாய்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் எங்கள் கம்பெனியில் மஞ்சளைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். எப்போதும் அப்படித்தான் இருந்தது என்று ஒரு காகிதம் எழுதி என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். போடவில்லை. வேலையும் போனது.

உடனே பச்சை காட்டவைத்த அந்த வரியையும் சர்வரில் இருந்த அன்றைய பதிவையும் அண்ணியிடம் காட்டினேன். "மாத்துனது நீயா?" என்று கேட்டாங்க. ஆமாம் என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. எப்படிப் பேசுவாங்க?

மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. திங்கட்கிழமை செங்கல்பட்டில் நீதிபதி முன்னால் வாக்குமூலம் கொடுக்கப் போகிறேன். மாற்றச் சொன்னவர் பெயரைச் சொல்வேன். அதற்கு முன்னால் மாற்றியவள் பெயரைச் சொல்வேன். இது சத்தியம்.

உன்னோடு பிறந்தவள்,
ரேவதி