மஞ்சள் பூசாத இடம்

ஜூன் 22

இன்று பள்ளிக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். எச்.பி.வி. தடுப்பூசி. பின்னாளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் வராமல் காக்குமாம். உடலுறவால் பரவும் வைரஸ் என்று அவர் சொன்னதும் ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் தரையைப் பார்த்தது. விருப்பமுள்ளவர்கள் கை தூக்கச் சொன்னார். என் கை பாதி ஏறியது. பின்னாலிருந்து ஜோதிலட்சுமி, “இன்னாடி தூபா, ஆளு எவனாச்சும் கீறானா?” என்றாள். தலையைச் சொறிவதுபோல் கையை இறக்கிவிட்டேன்.

எனக்கு எதற்கு அது? நான் என்ன அப்படிப்பட்டவளா?

ஜூன் 23

ஜோயா அக்காவிடம் சொன்னேன். அசோக் நகரில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அடுத்த மாதம் தன் நிக்காஹ்வுக்கு முன்னால் தானும் போட்டுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

எங்களைப் பெற்ற அம்மிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாப்பிள்ளை காஷிஃப் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. கடைசியில் அக்கா சொன்னாள்: “நான் ஒழுங்காத்தான் இருக்கேன் அம்மி. காஷிஃப் எப்படின்னு நம்ம வீட்ல யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அம்மி வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். நானும்தான் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தோன்றியதில்லை.

ஜூலை 8

அக்கா ஊசி போட்டுக்கொண்டாள். இடது கையில் பிளாஸ்டர். நாளை ஹல்தி, மணப்பெண்ணுக்கு மஞ்சள் பூசும் சடங்கு. மஞ்சளைக் கையில்தானே பூசுவார்கள் — எங்கள் இருவருக்கும் உறைக்கவேயில்லை.

ஜூலை 9

பிளாஸ்டரைப் பிரித்துவிடச் சொல்லி அம்மி காலையிலிருந்து கெஞ்சினாள். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா அஸ்மத்துன்னிசா மஞ்சள் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். இடது கையைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். அக்கா மறைக்காமல் சொன்னாள், எதனால் பரவும் என்பதையும் சேர்த்து. போச்சு, அவ்ளோதான் கல்யாணம்.

அவர் பிளாஸ்டரை நனைக்காமல் சுற்றிலும் மஞ்சள் பூசினார். கிளம்பும்போது வாசலில் அக்காவிடம் மெல்லக் கேட்டார்: “இது பசங்களுக்கும் போடுவாங்களாம்மா?”

ஜூலை 11

காஷிஃப் பாயும் தடுப்பூசி போட்டுக்கொண்டாராம். ஊசியைப் பார்க்காமல் சுவர் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அம்மிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் போடலாம் என்று அம்மியே சொன்னாள்.

ஜூலை 20

டாக்டரம்மா மறுபடி வந்தார். முழுக் கையையும் தூக்கினேன். ஜோதி இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. ஏனென்று திரும்பிப் பார்த்தேன். அவள் கை பாதி ஏறியிருந்தது.