மேனேஜர் கொடுத்த டீ

12 ஆகஸ்ட் 1974, திங்கள்

நான் வேலை பார்க்கும் கார்டன் ரீச் குடோனில் தொழிலாளர் சங்கம் தொடங்குவது பற்றி நேற்று என் வீட்டில் ரகசியமாகக் கூடிப் பேசினோம். இன்று காலையிலேயே மேனேஜர் என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். உட்காரவைத்து, டீ வரவழைத்து, மழையைப் பற்றிப் பேசினார். சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக எல்லோரும் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் பேச்சு நின்றது. டெலிவரி வேன் ஓட்டும் சுந்தரம்தான் கேட்டான்.

"அவர்கிட்ட என்னண்ணே சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலடா. மழையைப் பத்திதான் பேசினார்."

யாரும் நம்பவில்லை. நேற்று வந்தவர்களில் ஒருவன்தான் மேனேஜரிடம் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"அடுத்த கூட்டம் உங்க வீட்ல வேண்டாம்ணே" என்றான் சுந்தரம்.

"வேற எங்கடா?"

"அப்புறம் சொல்றோம்."

போட்டுக் கொடுத்தவன் அவன்தானோ? என்னையே சந்தேகப்படுகிறவர்களில் இதை இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?