ஆறாம் லேனில் இரண்டு சுற்று

ஜூலை 1, செவ்வாய்

காலையிலேயே மேற்கிலிருந்து கச்சான் காற்று. மைதானத்துப் புழுதி முழுக்க என் வாயில்.

100 மீற்றர் தெரிவு முடிந்தது. துர்க்கா முதலாவது, நான் ஆறாவது. துர்க்கா காரைதீவுப் பிள்ளை. முதலாம் வருடம். ஓடி முடித்தபின் மூச்சுக்கூட வாங்கவில்லை. நேரே என்னிடம் வந்து, "அக்கா, தண்ணி தரட்டா?" கெட்ட பிள்ளையாக இருந்தாலாவது வெறுக்கலாம். அதற்கும் வழியில்லை.

கல்லூரியில் மூன்று வருடம், மூன்று வருடமும் அஞ்சலோட்டத்தில் ரிசேர்வ். ரிசேர்வ் என்றால் பஸ்ஸில் இடம் உண்டு. சோற்றுப் பார்சல் உண்டு. மற்றவர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை உண்டு. நெஞ்சில் குத்த இலக்கம் மட்டும் இல்லை. இந்த வருடம் ரிசேர்வும் இல்லை. இதுதான் கடைசி வருடமும்.

ஜெசிந்தா மிஸ்தான் எங்கள் விளையாட்டுப் பொறுப்பு. ஒரு காலத்தில் ஈட்டி எறிந்தவர். இப்போது சொற்களை எறிகிறார்.

"ரிஸ்னா, நீ 800 ஓடு. ரெண்டு பேரைக் கொண்டுபோகணும். என்னட்ட உருப்படியா ஒண்டுதான் இருக்கு."

உருப்படியான ஒன்று ஹம்தா, அட்டாளைச்சேனைக்காரி. 19ஆம் திகதி தெரிவு. முதல் இருவர் எல்லாக் கல்லூரிகளும் வரும் பெரிய போட்டிக்குப் போவார்கள்.

800! வேகமாக ஓட முடியாதவர்களின் ஓட்டம் அது என்று பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஒன்பது வருடமாகச் சொல்லித் திரிந்தவள் நான். ஹம்தாவின் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். "சரி மிஸ்" என்றேன்.

ஜூலை 2, புதன்

வீட்டில் சொல்லியாயிற்று. உம்மா: "நூறு ஓடியே இந்தத் தீன் திங்கிறாய். எண்ணூறுக்கு உலை வேறயா வைக்கணும்?"

வாப்பாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். காரணம், போன். என் போட்டி என்றால் ஹாட்வெயார் கடையைப் பூட்டிவிட்டு வீடியோ எடுக்க வந்துவிடுவார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, பட்டனைத் தேடுவதற்குள் நூறு மீற்றர் முடிந்துவிடும். அவரிடம் இதுவரை உள்ள வீடியோக்கள்:

நிலம் – 4
யாரோ ஒருவரின் முதுகு – 3
நான் ஓடி முடித்துக் குனிந்து நிற்பது – 4

"இப்பதான் மகள் எனக்கு ஒரு டைம் தந்திருக்காய்" என்றார்.

ஜூலை 5, சனி

சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரை. வாப்பா மோட்டார் சைக்கிளில் பின்னால். ஈர மணலில் ஹம்தாவும் நானும். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "என்ன புள்ள, ஆரும் துரத்துறாங்களா?"

ஹம்தா ஓடும்போது கதைக்கிறாள்! அவள் மூத்த ராத்தாவின் கலியாணம், மாப்பிள்ளை வீட்டார், புரியாணியில் உப்புக் கூடியது, எல்லாம். எனக்கு "ஓம்" சொல்லக்கூட மூச்சு இல்லை. நான்காவது தடவை நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வாந்தி. பக்கத்தில் நின்றபடியே மாப்பிள்ளையின் தம்பி கதையையும் சொல்லி முடித்தாள்.

"நீ கதைக்காம கேக்கிறது எனக்கு நல்ல விருப்பம் கா. முந்தியெல்லாம் நீதான் கதைப்பாய்."

வலிக்கும் இடங்கள்: தொடை, விலா, மானம்.

ஜூலை 9, புதன்

பிட்டும் தேங்காய்ப்பால் பாலாணமும் இரண்டு தரம். உம்மா உலையைப் பார்த்தார். இன்று ஓடும்போது ஹம்தாவுக்கு ஒரு "ஓம்" சொன்னேன். முன்னேற்றம்.

ஜூலை 12, சனி

இதை எழுதவே வெட்கம். எழுதிவிடுகிறேன்.

ஒத்திகைப் போட்டி, ஆறு பேர். எனக்கு ஆறாம் லேன். தொடங்க முதல் மிஸ் விதிகளைச் சொன்னார். நான் வாயில் நான்கு பின்னை வைத்துக்கொண்டு, காற்றில் பறக்கும் ஸ்கார்ஃபோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடம் ஓடியவளுக்கு என்ன விதி?

முதல் வளைவு முடிந்தது, கொடி ஒன்று நட்டிருந்தது. அதைத் தாண்டியதும் ஐந்து பேரும் தங்கள் லேனை விட்டு உள்ளே போகிறார்கள். ஐந்து பேரும்! ஹம்தாவும்! எங்கள் நூறு, இருநூறில் அடுத்த லேனுக்குள் போனால் ஆளையே நீக்கிவிடுவார்கள். எனக்கு ஓடிக்கொண்டே சிரிப்பு. ஓடுங்கள் பிள்ளைகளே, நன்றாக ஓடுங்கள், உங்கள் பெயர் எல்லாம் வெட்டுப்படப் போகிறது.

ஒரு சுற்று முடிந்து மிஸ்ஸைக் கடக்கும்போது, "உள்ள வாடி! உள்ள வா!" என்று கத்தினார். என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். நானா ஏமாறுவேன்? இரண்டு சுற்றும் ஆறாம் லேனை விடவில்லை. நான்காவதாக வந்தேன்.

நேரே மேசைக்குப் போனேன். மூச்சு வாங்க வாங்க, "மிஸ், முன்னுக்கு வந்த மூணு பேரும் லேன் மாறிட்டாங்க. நீக்குங்க. நான்தான் முதலாவது."

மிஸ் பேனையைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, 800ல முதல் வளைவு மட்டும்தான் அவரவர் லேன். கொடி தாண்டினா எல்லாரும் உள்ளுக்குப் போகலாம். வெளியால ஓடினா வட்டம் பெருசு. நீ ஊரைச் சுத்தி வந்திருக்காய்."

ஹம்தா புல்லில் படுத்துச் சிரித்தாள். துர்க்கா சிரிக்காமலிருக்கப் பாடுபட்டாள், அதுதான் இன்னும் மோசம்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். தோற்றதற்கு அல்ல. முறைப்பாடு செய்யப் போனதற்கு.

ஜூலை 13, ஞாயிறு

வாப்பாவின் முதல் முழு வீடியோ. தொடக்கத்திலிருந்து முடிவுவரை நான் தெரிகிறேன், தன்னந்தனியாக, ஆறாம் லேனில். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். ஆணி வாங்க வந்தவர்: "நல்லா ஓடுறா. மத்தப் புள்ளைகள் ஏன் ஒதுங்கிப் போறாங்க?"

பின்னேரம் நானும் கடையில் நிற்கும்போது, மைதானக் கோடு போடச் சுண்ணாம்பு வாங்க ஜெசிந்தா மிஸ் வந்தார். வாப்பா அவரையும் விடவில்லை. மிஸ் இரண்டு தரம் பார்த்தார். வாப்பாவின் பென்சிலை வாங்கிக் கடதாசியில் ஏதோ போட்டார்.

"ஒரு வளைவுக்குப் பத்தொன்பது மீற்றர் கூட. முதல் வளைவுக்கு முன்னுக்கே நிக்க விட்டாச்சு, மிச்சம் மூணு வளைவு. இவ ஓடினது 800 இல்ல, 857. அப்பிடி ஓடியும் மூணாவது ஆளுக்கு ரெண்டு அடிதான் பின்னால."

"அப்ப மகள்தானே மிஸ் முதலாவது?"

"சும்மா இருங்க நானா" என்று வாப்பாவை அண்ணன் முறை சொல்லி அதட்டினார். "நீங்களும் முறைப்பாடு செய்ய வேணாம்." பிறகு என்னைப் பார்த்து, "கொடியைக் கண்டா உள்ள வா. அவ்வளவுதான் கேக்கிறன்."

மிஸ் போனபின் அந்தக் கடதாசியை எடுத்துவந்துவிட்டேன். இந்தக் கொப்பியில் ஒட்டியிருக்கிறது.

ஜூலை 16, புதன்

கொடி நட்டுப் பயிற்சி. கொடி வருகிறது, தலை சொல்கிறது, கால் கேட்கவில்லை. கோட்டைக் கண்டதும் தானாகவே நேராகிறது. முதல் மூன்று தரமும் முடியவில்லை. நான்காவது தரம் உள்ளிருந்து ஹம்தா: "வா கா, கோடு கடிக்காது!" போனேன். போகும்போது அவளிடம் "ஸொறி" சொன்னேனாம். எனக்கு நினைவில்லை.

அவளிடம் இன்னொன்றும் சொன்னேன். முன்பு 800ஐப் பற்றிக் கதைத்ததெல்லாம் பிழை என்று. "தெரியும்" என்றாள். பிறகு புரியாணிக் கதை.

ஜூலை 19, சனி

வெயில். காற்று கொஞ்சம் பரவாயில்லை. ஸ்கார்ஃப் பின் எல்லாம் வீட்டிலேயே குத்திக்கொண்டு போனேன்.

ஓட முன்னர் துர்க்கா வாப்பாவின் போனை வாங்கி, எங்கள் இருவரையும் செல்பி எடுத்துவிட்டு அவர் கையிலேயே கொடுத்தாள். இதை ஏன் எழுதுகிறேன் என்பது கீழே.

நான்காம் லேன். வளைவு. கொடி. கோட்டைத் தாண்டும்போது வாயில் "அஸ்தஃபிருல்லாஹ்" வந்தது, ஏதோ பாவம் செய்கிறவள்போல. ஆனால் தாண்டினேன்! உள்ளே ஓடினால் எவ்வளவு கிட்ட இருக்கிறது உலகம்.

அறுநூறில் முன்னால் மூன்று பேர். கால் மரம், நெஞ்சு அடுப்பு. இதுவரைதான் என்று நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன். கடைசி நேர்ப் பாதையில் வெளிப்புறப் புல்லில் ஒருத்தி என்னோடு ஓடி வருகிறாள். துர்க்கா.

"அக்கா, இனி நூறுதான்! வெறும் நூறு அக்கா!"

நூறு எனக்குத் தெரியும். ஒன்பது வருடமாகத் தெரியும். ஒருத்தியைத் தாண்டினேன். இன்னொருத்தியைக் கோட்டில் வைத்துத் தாண்டினேன். ஹம்தா முதலாவது, நான் இரண்டாவது.

மிஸ் துணி இலக்கத்தை நீட்டினார், 37. "பின் இருக்குத்தானே?" அழுகை வந்தது, இந்த முறை எல்லார் முன்னாலும்.

இரவுச் சாப்பாட்டுக்கு முதல் எல்லாரும் வீடியோ பார்க்க உட்கார்ந்தோம். நான் இல்லை. மைதானம் இல்லை. செல்பிக்குத் திருப்பிய கமரா திருப்பியபடியே. வெயிலில் திரை தெரிந்திருக்காது, அவர் கண்ணும் மைதானத்தில். தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாப்பாவின் முகம். முதல் வளைவில் உதட்டைக் கடிக்கிறார். கொடியில், "உள்ள போ மகள், உள்ள போ." பிறகு ஒரு பெருமூச்சு. அறுநூறில் கண்ணை மூடி துஆ. கடைசி நூறில் அவரே ஓடுகிறார் போல, முகம் குலுங்குகிறது, பின்னால் வானமும் தென்னையும் ஆடுகின்றன. பிறகு ஓட்டம் நிற்கிறது. வாய் திறந்தபடி. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறார்.

உம்மா: "இதுல நீ எங்க கா?"

வாப்பா வெட்கப்பட்டுப் போனைப் பறிக்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. என் போனுக்கு அனுப்பிவிட்டேன்.

பெரிய போட்டிக்கு முன் கமராவைத் திருப்புவது எப்படி என்று வாப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இல்லை. சொல்லிக்கொடுக்கப் போவதில்லை.