கழுகின் ஒரு சிறகு

செவ்வாய், இரவு

நொய்கெல்ன் என்ற ஜெர்மன் நகர்ப்பகுதியில் நான் துப்புரவு செய்யும் பழைய செங்கல் தேவாலயத்தில், வேதப் புத்தகத்தைத் தாங்கி நிற்பது ஒரு பித்தளைக் கழுகு. கறுத்துப்போயிருந்தது. இன்று புளி கொண்டுபோய், குத்துவிளக்கை விளக்குவதுபோல் ஒரு சிறகைத் தேய்த்தேன். பொன்னாக மின்னியது. போதகர் வந்து அந்தச் சிறகைத் தடவினார். அவர் கண் கலங்கியது. "போதும், விடுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"நூறு வருசம் தாண்டின கறுப்பு. அதுதான் தேவாலயத்து ஆக்களுக்கு வடிவு. ஆரைக் கேட்டுத் தேய்ச்சனீர்?"

"ஊத்தை எப்பிடியப்பா வடிவாகும்?"



போதகர் கலங்கியது சந்தோசத்திலா, துக்கத்திலா? ஞாயிறு ஆராதனைக்கு எல்லோரும் வருவார்கள். ஒரு சிறகு மின்னும், மற்றது கறுத்து நிற்கும். மிச்சப் புளியை எறிய மனம் வரவில்லை. பையிலேயே கிடக்கிறது.