ஐம்பதைக் காணோம், மாப்ளே

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன், மாப்ளே. உன் மகள் உன் தொழிலுக்கே வருவாள் என்று அவள் தவழும்போதே சொன்னவன் நான். திங்கட்கிழமை குர்காவ்னில் வேலைக்குச் சேருகிறாள், அதே மோட்டார் சோதனை வேலை. இன்று காலை உன் பழைய மேசை விசிறியை ஓடவிட்டு அதன் முன்னால் கைபேசியை நீட்டினாள். திரையில் கோடுகள் எழும்பின.

“மாமா, ஆபீஸ்ல முதல் நாளே அந்த அம்பது கதையச் சொல்லப்போறேன். நீங்க அப்பா வேலையக் காப்பாத்துனது.”

அந்த விசிறிக் காற்றில் சூடான கம்ப்யூட்டரின் வாசனை எனக்கு வந்துவிட்டது.

அப்போது நீ, என் தங்கை, மகள் என நீங்கள் மூவரும் டெல்லி கிட்வாய் நகரில் என் குவார்ட்டர்ஸில்தான் இருந்தீர்கள். நான் அரசாங்க ஜீப் ஓட்டுகிறவன், மந்திர் மார்க் பள்ளியில் எட்டாவதோடு நின்றவன். நீ ஓக்லாவில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. இயந்திரத்தின் அதிர்வைப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் போடுவாய். எந்த ஆட்டம் நொடிக்கு எத்தனை தடவை என்று அது பிரித்துக் காட்டும். அதை வைத்து நோயைச் சொல்வாய். என் மாப்பிள்ளை மந்திரி வீட்டு மோட்டாருக்கே நாடி பார்த்தவன் என்று நான் கொஞ்சம் சேர்த்தே சொல்லி வைத்திருந்தேன்.

அப்போதுதான் ஒரு ஓட்டல் சமையற்கூடத்தின் புகை விசிறி உன்னிடம் வேலையாக வந்தது. பூதம் மாதிரி ஆடியது. அதன் தண்டு நொடிக்கு இருபத்தைந்து சுற்று சுற்றும். கம்ப்யூட்டர் வரைந்த கோட்டில் இருபத்தைந்தில் ஒரு சின்ன முளை, அதில் சரிபாதியில் ஒரு பெரிய முளை. பாதியில் முளை நின்றால் எங்கோ பிடிமானம் தளர்ந்திருக்கிறது என்று பொருளாம். அப்படியே சொல்லிவிட்டாய். முழுதாகக் கழற்றிப் பார்த்தார்கள். எல்லாம் இறுக்கமாக இருந்தது.

ஓட்டல் ஃபோர்மேன் சிரித்தான். “பாய் சாப், உங்க டப்பாவுக்குத்தான் டாக்டர் வேணும்.” உங்கள் கம்பெனி முதலாளி, அந்த மாலிக், சிரிக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் சரியாகச் சொல், இல்லையென்றால் வராதே என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரை ஆட்டோவில் வீட்டுக்கே கொண்டுவந்தாய். ஜன்னல் என்று எதையோ மாற்றினாய், புள்ளிகளைக் கூட்டினாய், சராசரி எடுத்துப் பார்த்தாய். முளைகள் ஒல்லியாயின, குண்டாயின. இடம் மட்டும் மாறவில்லை. தங்கை அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, ஊருக்கு டிக்கெட் போடணுமா?”

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“மாப்ளே, டெல்லியில எந்த ஒயரத் தொட்டாலும் கரண்ட் நொடிக்கு அம்பது தடவை முனகும், பதிவுலயும் வந்து ஒட்டிக்கும். மிக்ஸி வயித்துலகூட எழுதியிருக்கு. இங்க அம்பதக் காணோமே?”

நீ என்னைப் பார்த்தாய். திரையைப் பார்த்தாய். “மச்சான், அந்த இருபத்தஞ்சு தண்டோடது இல்ல. அதுதான் அம்பது.”

எல்லாமே பாதி இடத்தில் நின்றிருந்தது. நொடிக்கு நாற்பத்துநாலாயிரத்துச் சொச்சம் முறை தொட்டுப் பதிவு செய்திருந்தாய். கோப்பைத் திறக்கும்போது கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு அதில் பாதி என்று வைத்துக்கொண்டுவிட்டது. நீ தொடாமல் விட்ட ஒரே கட்டம் அது. எண்ணை மாற்றினாய். முனகல் ஐம்பதுக்கு ஓடியது, பெரிய முளை இருபத்தைந்துக்கு வந்தது, பாதியில் ஒன்றுமில்லை. தளர்ச்சியே இல்லை. சுற்றும் வேகத்திலேயே பெரிய முளை என்றால், இறக்கையில் எடைதான் ஒரு பக்கமாக ஏறியிருந்தது.

திங்கட்கிழமை பார்த்தால் ஒரு பக்க இறக்கையில் சமையல் எண்ணெய்ப் பிசுக்கு அப்பிக் கிடந்தது. சுரண்டி எடுத்து ஓடவிட்டதும், மேலே வைத்த தண்ணீர் டம்ளரில் அலைகூட எழும்பவில்லை. ஓக்லாவே கூடி நின்று பார்த்தது. “அரே, டாக்டர் சாப்” என்று அதே ஃபோர்மேன் உனக்கு நாற்காலி போட்டான். மாலிக் உன் வேலையை நிரந்தரமாக்கினார்.

இந்தக் கதையைத்தான் உன் மகள் புது ஆபீசில் சொல்லப் போகிறாளாம். விசிறியை நிறுத்தச் சொன்னேன், மாப்ளே.

“கண்ணு, எல்லாம் நெசம். அம்பதக் கேட்டது மட்டும் நான் இல்ல.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நீயாகவே ஐம்பதைத் தேடிய நேரத்தில் நான் மார்க்கெட்டில் ஜிலேபி வாங்க நின்றிருந்தேன். திரும்பி வந்தபோது நீ திரையைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாய். “தெரிஞ்ச ஒண்ண முதல்ல தேடணும் மச்சான். அதுவே இடம் மாறி நின்னா மத்தது எதையும் நம்பக்கூடாது” என்றாய். இன்றைக்கும் புது வண்டியில் ஏறினால் மீட்டரை நம்பாமல், முதலில் எனக்குத் தெரிந்த சத்தத்தைத்தான் தேடுகிறேன்.

அன்று சாயங்காலமே ஐம்பதைக் கேட்டவன் நான்தான் என்று தங்கையிடம் அளந்துவிட்டேன். நீ பக்கத்தில்தான் இருந்தாய். அவள் திரும்பி, “நெசமாவா?” என்று உன்னைக் கேட்டாள்.

நீ இன்னொரு ஜிலேபியை எடுத்துக்கொண்டாய். “ஆமா, மச்சான் சொன்னதுதான்.”