பிசறு என்றுதான் சொன்னேன்

என் மகள் மஞ்சுளாவுக்கு பாகூரிலிருந்து அப்பா வீரப்பன் சொல்லச் சொல்ல உன் அண்ணி ஸ்டெல்லா எழுதுகிற கடிதம். இங்கே நான், உன் அம்மா ராமாயி, உன் அண்ணன் பாக்யராஜ், ஸ்டெல்லா நாலு பேரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சாப்பிட்ட தெம்பில் சண்டையும் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். பிரான்சில் அந்த லியோன் ஊரில் உனக்குச் சண்டை போட ஆள் இல்லாவிட்டாலும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க அங்காளம்மன் பார்த்துக்கொள்வாள். இங்கே கத்தரி வெயில் ஆரம்பித்துவிட்டது, ஏரியில் கொக்கு நின்றால் முட்டி நனையவில்லை, செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, தாயும் கன்றும் நலம். உன் அண்ணனுக்குக் கம்பெனியில் இந்த மாசம் முழுக்கக் காலை ஷிப்ட்டு. உன் அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, வாய் மட்டும் நாளுக்கு நாள் தேறி வருகிறது, இதை எழுதக்கூடாது என்று அவள் அடுப்பங்கரையிலிருந்து சொல்கிறாள், அதற்குள் ஸ்டெல்லா எழுதிவிட்டாள்.

இன்றைக்குப் புதன்கிழமை. வருகிற சனிக்கிழமை உன் பேக்கரி முதலாளியம்மா உன்னை இன்னொரு தடவை மாவு போட வைத்துப் பார்ப்பதாகச் சொன்னாய் இல்லையா, அதற்குள் இது உன் கையில் கிடைக்க வேண்டும். தபாலில் போட்டால் உன் வேலை போன பிறகு வந்து சேரும், அதனால் ஸ்டெல்லா இதைப் போட்டோ பிடித்து போனில் அனுப்புவாள். அந்தப் போனிலேயே பேசிவிடலாமே என்று நீ கேட்பாய். ஸ்பீக்கரில் போட்டால் உன் அம்மா பேசுவாள், நான் இன்னா இன்னா என்பேன், நீ பஸ் வந்துடுச்சிப்பா என்று வைத்துவிடுவாய், அது நமக்குத் தெரிந்த கதை. போன தடவையும் மாவுப் பக்குவத்தைக் கடிதத்தில்தான் சொன்னேன், கடிதத்தில்தான் கெட்டது, சரிசெய்வதும் கடிதத்திலேயே இருக்கட்டும்.

போன சனிக்கிழமை நீ போனில் அழுததை இன்னும் மறக்கவில்லை. பழம் வைத்துச் சுடுகிற அந்தத் தார்த்துக்கு அடியில் ஒரு மாவு ஓடு இருக்குமே, அது பொரபொரவென்று உதிராமல் செருப்புத் தோல் மாதிரி வந்துவிட்டது, முதலாளியம்மா அதை எடுத்து மேசையில் டக்டக்கென்று தட்டிக் காட்டினாள், கடையே சிரித்தது என்று சொன்னாய். பதினோரு வருஷமாக அந்தக் கடையில் தட்டு கழுவுகிறவளுக்கு, மாவு போடுகிற கிழவி வேலையை விட்டு நிற்கும்போது, நீ போட்டுப் பாரு என்று ஒரு வாய்ப்பு வந்தது, வந்ததே பெரிசு. அந்தத் தட்டலை நான் பாகூரில் உட்கார்ந்தே கேட்டேன். அப்புறம் நீ ஒன்று சொன்னாய், நான்தான் சரியா பிசையலப்பா, நீ எழுதினாப்பல இன்னும் நல்லா அழுத்திப் பிசைஞ்சிருக்கணும் என்று. போனை வைத்ததும் உன் அம்மா என்னைப் பார்த்தாள், ஸ்டெல்லாவைப் பார்த்தாள், பிசையறதா, கல்யாணம் ஆன காலத்துலேர்ந்து உங்க மாமனாரு பாத்துப் பிசறு பாத்துப் பிசறுன்னு என் காத அறுக்கறாரு, நீ இன்னாடி எழுதின என்று கேட்டாள். ஸ்டெல்லா பிசைய வேண்டும் என்றுதான் எழுதினேன் என்றாள். பிசறு என்றால் நுனிவிரலால் உதிரியாகக் கலப்பது, அதைக் கொச்சைப் பேச்சு, படித்தவர்கள் எழுதுவது பிசை என்று நினைத்து நல்ல தமிழாகத் திருத்தியிருக்கிறாள். அன்றைக்குப் பிடித்துக்கொண்டாள் உன் அம்மா. பன்னெண்டாங் கிளாஸு பாஸு பண்ணவ ஒரு எழுத்துல என் பொண்ணு பொழப்பக் கெடுத்துட்டா என்று நாலு நாளாக இந்த வூட்டில் மிக்சி ஓடாத நேரத்தில் எல்லாம் அதுதான் ஓடுகிறது. இந்தக் கடிதத்தையும் என் பேச்சை நல்ல தமிழாக்கித்தான் எழுதுகிறாள், எழுதட்டும், அந்த ஒரு வார்த்தையை மட்டும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த வார்த்தை எனக்கு எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்லப் பிடிக்கும். எனக்கும் உன் அம்மாவுக்கும் கல்யாணமாகி ரெண்டாவது வருஷம், மழை பொய்த்து வயலில் வேலை இல்லை, புதுச்சேரி டவுனில், பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுக்கொடுத்துப் போன மெர்ஜருக்கு அப்புறமும் தங்கிவிட்ட ஒரு வெள்ளைக்கார வாத்தியார் வூட்டில் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கப் போனேன். அங்கே குசினியில் சவரிராயன் என்று ஒரு சமையல்காரர். அவருக்கு நல்ல கைமணம், ஆனால் கை எப்போதும் சுடும், அவர் தொட்ட வெண்ணெய் உருகி ஓடும். ஒரு நாள் நான் கிணற்றடியிலிருந்து குடம் கொண்டுபோய் வைத்தேன், வாங்கும்போது வாத்தியார் சம்சாரம் மதாம் கை என் கையில் பட்டது, பட்டதும் அவள் கண்ணை அகலத் திறந்து சவரிராயனிடம் ஏதோ சொன்னாள். இந்த ஆளு கை ஐஸு மாதிரி இருக்குதாம், மாவுல கை வைக்கச் சொல்றாங்க என்றார் அவர். சோப்புப் போட்டு மூணு தரம் கழுவ வைத்து குசினிக்குள் விட்டார்கள். மதாம் என் பக்கத்தில் நின்று விரலைக் காட்டி, பாத்துப் பிசறே, பாத்துப் பிசறே என்றாள். அட, வெள்ளைக்காரச்சி நம்ம ஊர்த் தமிழை எவ்வளவு சுத்தமாகப் பேசுகிறாள் என்று எனக்கு ஆச்சரியம். நானும் பார்த்து, புட்டு மாவுக்குப் பிசறுகிற மாதிரி நுனிவிரலால் பிசறினேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். நாலு மாசம் நான்தான் அந்த வூட்டுக்கு மாவு. கடைசியாக வேலையை விட்டு வரும்போதுதான் சவரிராயன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி சொன்னார், யோவ் வீரப்பா, அது தமிழு இல்லய்யா, அந்த மாவுக்கே அவங்க பாஷையில பேரு பாத் பிரிசேய்யா, ஒடச்ச மாவுன்னு அர்த்தம் என்று. ரெண்டு பாஷையிலும் கைநாட்டாக இருப்பதில் இப்படி ஒரு சௌகரியம், தப்பாகக் கேட்டது சரியாகப் போய்விட்டது. இதை ஊர் பூராவும் சொல்லியிருக்கிறேன், உன் அம்மா மட்டும் இன்றைக்கும் இவரு வெள்ளைக்காரி வூட்டுல சட்டி கழுவிட்டு வந்தாரு என்றுதான் சொல்வாள்.

இப்போது செய்முறை. மைதா ரெண்டு பங்கு, வெண்ணெய் ஒரு பங்கு, எடை போட்டு எடுக்க வேண்டும், கண் அளவு வேண்டாம், உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெய் கல்லாக இருக்கணும், சுண்டைக்காய் சுண்டைக்காயாக நறுக்கி மாவில் போட்டு நுனிவிரலால் பிசறு. உள்ளங்கை படக்கூடாது, உள்ளங்கையில் சூடு இருக்கிறது. புட்டு மாவு பதம் வரும்போது நிறுத்து, நடுவில் துவரம்பருப்பு அளவுக்கு வெண்ணெய் தென்பட்டால் ஐயோ கலக்கவில்லையே என்று பதறாதே, சுடும்போது அந்தப் பருப்புதான் உருகி இடம் விட்டு அடுக்கு அடுக்காகப் பிரிக்கும், அதையும் தேய்த்துக் கரைத்தால் உனக்கு மிஞ்சுவது வரட்டி. அப்புறம் ஐஸ் தண்ணி, ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி, தெளிக்கிற மாதிரி. கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்கணும், விரலால் தட்டினால் உடையணும், அத்தோடு தண்ணியை நிறுத்து. இங்கேதான் உன் கை உன்னைக் கெடுக்கும், மாவையும் தண்ணியையும் கண்டால் நம்ம கைக்கு அடித்துப் பிசையத்தான் தெரியும், சப்பாத்தி மிருதுவாக வர பிசைகிறோம் இல்லையா, இது அதற்கு நேர் எதிர், பிசையப் பிசைய முறைத்துக்கொள்ளும். ஒன்றாக ஒதுக்கித் தட்டையாக்கி பிரிட்ஜில் ஒரு மணி நேரம் வை. தேய்க்கும்போது நடுவிலிருந்து வெளியே தேய், முன்னும் பின்னும் உருட்டாதே. தட்டில் போடும்போது இழுக்காதே, இழுத்தால் வேகும்போது சுருங்கிப் பழிவாங்கும். முள்கரண்டியால் அங்கங்கே குத்தி நல்ல சூட்டில் வை.

இதெல்லாம் கிழவன் கதை என்று நினைக்காதே, திங்கட்கிழமை இங்கேயே செய்து பார்த்தோம். உன் அண்ணனுக்குத் தீபாவளிச் சீட்டில் ஒரு ஓவன் விழுந்ததே, இத்தனை நாள் அதற்குள் ரேஷன் கார்டும் உன் அம்மாவின் மாத்திரையும்தான் வெந்துகொண்டிருந்தன, அதைக் காலி பண்ணினோம். ஸ்டெல்லா தவளக்குப்பம் போய் வெண்ணெய் வாங்கி வந்தாள், நறுக்குவதற்குள் நெய்யாகப் போய்விட்டது. மறுபடி வாங்கி, தெருவில் வந்த மீன்காரம்மாவிடம் ஐஸ் கேட்டு அதற்கு மேலே சட்டியை வைத்து பிசறினோம். மீன் வாசம் அடிக்கும் என்று உன் அம்மா. பூரிக்கட்டையை எலி கடித்திருந்தது, ஜூஸ் பாட்டிலால் தேய்த்தோம். மேலே செந்தூரா மாம்பழம் நறுக்கி வைத்து வேகவிட்டோம். வாயில் போட்டதும் உதிர்ந்தது. உன் அம்மா மூணு துண்டு தின்றுவிட்டு, பல்லு இல்லாதவளுக்கும் உதிருது, இதுக்கா ஒருத்தி பிளேன் ஏறிப் போயி அழுவணும் என்றாள். அவள் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது. ஆனால் மூணாவது துண்டை விழுங்கிய கையோடு, பாத்தியா, பிசறினா எப்படி வருதுன்னு, எல்லாம் நீ எழுதினதுதான் என்று ஸ்டெல்லாவிடம் மறுபடி ஆரம்பித்தாள். ஸ்டெல்லா ஓவனைத் துடைத்தாள். துடைத்துவிட்டு எனக்குத்தான் முதல் டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த டீ இறங்கவில்லை மஞ்சு.

ஏன் இறங்கவில்லை என்று சொல்கிறேன். போன கடிதத்தை எழுதி முடித்ததும் ஸ்டெல்லா எனக்குப் படித்துக் காட்டினாள். மாவை நன்றாக அழுத்திப் பிசைய வேண்டும் என்று படித்தாள். எனக்குக் காது மந்தம் என்று இந்தத் தெருவே நம்புகிறது, நானும் அதைக் கெடுக்கவில்லை, ஆனால் அன்றைக்கு அது சுத்தமாகக் கேட்டது. அறுபது வருஷத்துக்கு முன்னால் மதாம் சொன்னதை மறக்காதவனுக்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் தான் சொன்னது மறக்குமா. தப்பு என்று தெரிந்தது. சரி, அனுப்பு என்றேன். அதற்கு முதல் நாள்தான் நீ போனில் சொல்லியிருந்தாய், இந்த வேலையும் கெடைக்கலைன்னா, அவரும் போய்ச் சேந்த ஊருல நான் ஒண்டியா இன்னாத்துக்கு இருக்கணும், பாகூருக்கே வந்துடறேம்பா என்று. மாப்பிள்ளை தவறிப்போன இந்த ரெண்டு வருஷத்தில் நீ வாய் திறந்து வருகிறேன் என்று சொன்னது அன்றைக்குத்தான். மறுநாளே பின்பக்க அறைக்கு வெள்ளை அடிக்கச் சொன்னேன், உன் அம்மா கேட்டதற்கு எலித் தொல்லை என்றேன். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாளும் போட்டேன், எலிக்கு எதற்குத் தாழ்ப்பாள் என்று அவள் கேட்கவில்லை, அதிசயம்தான். உனக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியும், பாத் பிரிசே என்று உன் முதலாளியம்மா தினமும் கத்துவது உன் காதில் விழும், அப்படியும் அப்பா சொன்னதென்று கைவலிக்கப் பிசைந்திருக்கிறாய், கெட்டதும் உன்னைத்தான் திட்டிக்கொண்டாய். நான் அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த இடத்தில் ஸ்டெல்லா பேனாவை வைத்துவிட்டாள். இதையும் எழுதவா மாமா என்று கேட்டாள். எழுதும்மா, ஒரு எழுத்தும் திருத்தாமல் எழுது என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திருத்துனது என் தப்புதான மாமா என்றாள். திருத்தியது தெரியாமல் செய்தது, நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது தெரிந்து செய்தது, ரெண்டும் ஒன்றில்லை என்று உன் அம்மாவுக்கும் கேட்கும்படி சொன்னேன். உன் அம்மா அடுப்பங்கரை வாசற்படியில் வந்து நின்று, பொண்ணு வேணும்னா வாயத் தொறந்து வாடின்னு சொல்றது, அத இன்னாத்துக்குய்யா மாவுல சொன்ன என்று கேட்டாள். அந்தப் பதிலை உனக்கே சொல்கிறேன். வாடி மஞ்சு. ஆனால் தோற்று வராதே, ஜெயித்துவிட்டு லீவு போட்டுக்கொண்டு வா. நிரந்தரமாக வர வேண்டும் என்று உனக்கே தோன்றினால் அப்போதும் வா, அறை வெள்ளை அடித்துத்தான் இருக்கிறது, எலியும் வரவில்லை.

சனிக்கிழமை மாவில் கை வைப்பதற்கு முன்னால் ஐஸ் தண்ணியில் கையை முக்கி நன்றாகத் துடைத்துக்கொள், என் கை உனக்கு வரவில்லை, உன் அம்மா கைதான் வந்திருக்கிறது, சுடும். விடியற்காலைக் குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு, முதலாளியம்மா தின்று முடித்ததும் போன் பண்ணு, அண்ணியிடம் முதலில் பேசு, அப்புறம் எங்களிடம். நூறு வருஷம் நல்லா இரு என்று அப்பாவும் அம்மாவும் கை தூக்கி ஆசீர்வாதம் பண்ணுகிறோம். இந்தக் கடிதத்தை ஸ்டெல்லா மூணு தடவை படித்துக் காட்டினாள், மூணு தடவையும் காது கேட்டது. எப்போதும் கடைசியில் வைக்கிற கைநாட்டை இந்தத் தடவை அங்கே வைக்கவில்லை. பிசறு என்று எழுதியிருப்பது எது என்று ஸ்டெல்லாவை விரல் வைத்துக் காட்டச் சொல்லி, செய்முறையில் வருகிற அந்த எழுத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார், மை கொஞ்சம் அப்பியிருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா வீரப்பன்,
பாகூர்.