குருசடியை இடிக்க நீ கொடுத்த சம்மதம்

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

நீ போய் ஓராண்டு ஆகப்போகிறது. செத்துப்போன உன் மேல் இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

பிரான்சில் நீ பங்குச் சாமியாராக இருந்த கிராமத்திலிருந்து போன வாரம் ஒரு படம் வந்தது. ஆட்களைவிட மாடுகள் அதிகம் என்று கேலி செய்வாயே, அதே ஊர்தான். அங்கே துணி துவைக்கும் பழைய கல்தொட்டியில் உன் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று அதை இடிக்கப் பார்த்தபோது, நீதான் வீடு வீடாகப் போய்ப் பேசித் தடுத்தாயாம். ஊர்த் தலைவி உருகி எழுதியிருக்கிறாள். இப்போது அதில் யாருமே துணி துவைப்பதில்லையாம், அண்ணே.

இங்கே கடற்கரையில் நம்ம குருசடியை, அந்தச் சின்னச் சிலுவைக் கோயிலை, இடிக்கப் போகிறார்கள். சிப்பிச் சுண்ணாம்பில் கருப்பட்டித் தண்ணீர் ஊற்றி நம் ஊர்ப் பெண்கள் சாந்து இடித்துக் கொடுத்துக் கட்டிய சுவர். அன்று முத்துக் குளித்தவனும் சரி, இன்று சங்குக்குப் போகிறவனும் சரி, அதைத் தொட்டுச் சிலுவை போடாமல் படகேறியதில்லை. என் மகன் நேற்றும் தொட்டுவிட்டுத்தான் போனான். அந்த இடத்தில் மண்டபம் வருகிறதாம். தூத்துக்குடியிலிருந்து டைல்ஸ்கூட வந்து இறங்கிவிட்டது.

கோயில் கமிட்டியில் போய்ச் சண்டை போட்டேன். தலைவர் அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார்: "ஏளா, ஒங்கண்ணன் சாமியாரே சரின்னுட்டாரு. அதுக்கு மேல நீ யாரு?"

அவர் சொன்னது பொய் இல்லை. உன் கடைசிக் கிறிஸ்மஸுக்கு அவர் போன் போட்டபோது நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். "பழச வச்சுக்கிட்டு என்ன செய்ய? இடிச்சிட்டுப் புதுசாக் கட்டுங்க" என்று சிரித்தாய். பூசைக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாய். சாமியார் வாயில் ஒரு வார்த்தை வந்தால் நம் ஊரில் அது கட்டளை என்று உனக்குத் தெரியாதா? நீ இங்கே பிறந்தவன்தானே?

அவர்கள் தொட்டிக்காக வீடு வீடாக நடந்த உனக்கு, நம் சுவரைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்க முடியவில்லை. அவர்களுடையது பாரம்பரியம், நம்முடையது வெறும் பழசா? ஊருக்கு உபதேசம் என்பது இதுதானா? ஆத்திரத்தில் அழுகை வருகிறது.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க்கூட்டம். செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது, அதுவும் சாமியாரை, என்று அம்மா இப்போதே கையைப் பிடிக்கிறாள். நான் எழுந்து நிற்பேன். எங்கண்ணன் சொன்னது தப்பு என்று ஊரறியச் சொல்வேன். உன் பேரைக் கெடுத்தாவது அந்தச் சுவரைக் காப்பாற்றுவேன்.

இப்போதும் உன் கூடப்பிறந்தவள்,
செல்வமேரி